நுழைஞ்சா போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை, இழுப்பறையைத் தரையில் கவிழ்த்து வயர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. செத்துப்போன போன்களின் சார்ஜர்கள், தொலைந்த டார்ச்சின் வயர், எதற்கென்றே தெரியாத மூன்று. எல்லாம் புருஷன் சேர்த்த சொத்து. அவள் தேடியது சிவப்பு நூல் சுற்றிய ஒன்றை. கடைக்காரரிடம் போனையே நீட்டி, முனை பார்த்து, வாட் பார்த்து வாங்கி, அடையாளத்துக்கு நூலும் சுற்றி வைத்தது.

"செவப்பு நூல் போட்டது எங்க?"

"முதலாளி கேட்டாரு. குடுத்துட்டேன். கடை நாளைக்குத்தான் தொறப்பாங்க" என்றார் புருஷன், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

அவருக்குச் செருப்புக்கடையில் வேலை. இருபத்தெட்டு வருஷமாக வருகிறவர் காலடியில் குந்தி ஒரே பாட்டு: "நுழைஞ்சிடுச்சுல்ல, அப்ப இதுதான் உங்க சைஸ். போடப் போட இளகிடும்." நொண்டிக்கொண்டு திரும்பி வருகிறவர்களைக் கண்டால் சரக்கறைக்குள் புகுந்துகொள்வார். கல்யாணமான புதிதில் அவளுக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்தார். குதிகாலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த ஞானம் செருப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. குக்கர் மூடி, பூட்டு, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, எதுவானாலும் நுழைந்தால் சரி அவருக்கு.

"அப்ப நேத்து என் போனை எதுல போட்டீங்க?"

பழைய தட்டை முனை வயர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "மொதல்ல முரண்டு புடிச்சுது. லேசா ஒரு அழுத்து, டக்குன்னு உள்ள போயிடுச்சு."

போனைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். சார்ஜர் சொருகும் துளையின் நடுவே நாக்கு மாதிரி இருக்கவேண்டிய தகடு ஒடிந்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. திரையில் சார்ஜ் மூன்று சதவீதம். பள்ளிக்கூடச் சீருடைக்கு எடுத்த நாற்பது பிள்ளைகளின் அளவும் அதற்குள்தான். துணி வந்துவிட்டது, நாளைக் காலை வெட்டியாக வேண்டும். முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடம் அவளை நம்பிக் கொடுத்த வேலை. ரிப்பேர் கடையும் இன்று பூட்டு. அவர் போனுக்கு அனுப்பலாமென்றால் அது பொத்தான் போன்.

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்தாள். "படிங்க. நான் எழுதறேன்."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இந்தப் பையனுக்கு இடுப்பு இவ்வளவா? தப்பா எடுத்திருப்பே."

"படிங்க."

"இல்ல, சொல்றேன். சின்னப் பையனுக்குப் போயி..."

"வாயால இல்ல, கண்ணால வேலை செய்யுங்க. படிங்க."

பதினேழாவது பிள்ளையின் அளவை எழுதி முடித்ததும் திரை கறுத்தது. அவர் போனைக் குலுக்கினார், கடிகாரத்தைக் குலுக்குவதுபோல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? மிச்சப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரே அளவா தைச்சிடு. போடப் போட இளகிடும்."

அவரை ஒரு பார்வை பார்த்தாள். தையலில் விழுந்த முடிச்சுக்குக்கூட அவள் அதைவிட மரியாதை கொடுத்துப் பார்ப்பாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நோட்டை இடுக்கிக்கொண்டாள். மிச்சப் பிள்ளைகளை மறுபடி அளக்க இருபத்து மூன்று வீடு ஏறி இறங்க வேண்டும். எத்தனையோ வருஷமாக வேறு கடையில் வாங்குகிற செருப்பைக் காலில் மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்டே? அந்த வயரைத் திருப்பிப் போட்டுப் பாக்கட்டா?" என்றார் அவர், வயரைக் கையில் வைத்துக்கொண்டு.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.