பிஸ்கட்டுக்கு ஈரக்கழிவு

எனக்குச் சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கு, எதை வாங்கினாலும் பாக்கெட்டுல எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டுத் தின்னச் சொன்னாங்க, கிளினிக் நர்ஸ் மிஸ். வீட்டுக்கு வந்து கிரீம் கிராக்கர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒருத்தருக்கு ஒரு வேளைக்கு ரெண்டு பிஸ்கட்டாம். எழுதினவன் ஒரு நாளாவது குளிருல தேயிலைக் கொழுந்து பறிச்சிட்டு வந்து பிளேன்டீ குடிச்சிருப்பானா? எங்க லயத்து வீடுகள்ல முதல் ரெண்டு பிஸ்கட்டு, டீ சூடா இருக்கான்னு பார்க்கவே போயிடும்.

எரிச்சலோட உட்கார்ந்திருந்தப்பதான் எங்க தோட்டத்துத் தராசு ஞாபகம் வந்துச்சு. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் கழிச்சிட்டுத்தான் எழுதுவாரு. வெயில் கொளுத்தினாலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. கொழுந்துக்கு ஒரு நியாயம்னா பிஸ்கட்டுக்கும் அதேதானே. நானும் கழிச்சேன். டீயில முக்கினதால ஈரத்துக்கு ரெண்டு. பாக்கெட்டுக்கு ஒண்ணு. உடைஞ்சு கோப்பைக்கு அடியில போனது ஒண்ணு. ஆறு தின்னாலும் கணக்குல ரெண்டுதான். "நியாயமாத்தான் இருக்கு"ன்னு வீட்டுக்காரரும் ஆறு எடுத்துக்கிட்டாரு. அவருக்குச் சுகரே இல்ல.

அடுத்த தடவை கிளினிக்குல எடை பார்த்தாங்க. முள்ளு முன்னைவிட மேல நின்னுச்சு. "மழையில நனைஞ்சு வந்திருக்கேன், ஸ்வெட்டரெல்லாம் ஈரம், கொஞ்சம் கழிச்சுக்குங்க மிஸ்"னேன்.

"இங்க அப்படியெல்லாம் கழிக்க மாட்டோம்"னு சொல்லிட்டு, முள்ளு காட்டினதை அப்படியே எழுதினாங்க.

தண்ணி கொழுந்துல இருந்தாத்தான் கனக்கும் போல.