ஒரு முழ நாடாவில் ஓடிய லாஞ்சு

சாயங்காலம் நாலேகால் மணிக்கு, வாடைக்காற்றோடு நைனாவின் லாஞ்சு சத்தம் வந்தது. கல்மண்டபத்துக் கடலோரத்தில், அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வடக்கே திரும்பினார்கள். டப், டப், டப், பிறகு ஒரு சின்ன மௌனம். மூன்று முறை அடித்து நான்காவதை விட்டுவிடும் அந்த எஞ்சினின் ஓட்டத்தை எங்கள் தெருவில் "முழுங்கல்" என்பார்கள். வேறு எந்த லாஞ்சுக்கும் அது கிடையாது. விடிகாலையில் திரும்பியிருக்க வேண்டிய லாஞ்சு வராததுதான் மற்றவர்களுக்குக் கெட்ட நேரத்தின் தொடக்கம். எனக்கோ, அது வந்துவிட்டதாக எல்லாரும் நம்பிய அந்த நாலேகால் மணிதான்.

"வந்துட்டாருடி உங்க நைனா!" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்தில் ரோசம்மா அக்கா நின்றிருந்தார்; அவருடைய வீட்டுக்காரரும் அதே லாஞ்சில்தான் போயிருந்தார். "வரட்டும் வரட்டும். மீனு இல்லாம வந்தா வாசப்படி ஏற வுட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். இரண்டு பெண்கள் கற்களிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் காக்காய் கத்தியது. முழுதாகக்கூட அல்ல, பாதிக் கத்தல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே பாதி. மறுபடியும்.

அந்தக் காக்காயை எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் சித்தப்பா செபஸ்தி, எங்கள் கோயில் திருவிழா நாடகங்களுக்கு மைக் செட்டும் போடுவார். அந்த வருட நாடகத்தில் ஒரு புயல் காட்சி, அது முடியும்வரை பின்னால் லாஞ்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில நாளுக்கு முன்புதான், கரையில் கட்டியிருந்த நைனாவின் லாஞ்சைக் கிளப்பச் சொல்லி, பக்கத்து ஐஸ் கம்பெனியிலிருந்து கரண்டு இழுத்து, பெரிய ஸ்பூல் டேப்ரிக்கார்டரில் அதைப் பிடித்தார். பிறகு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு முழ நாடாவைச் சவர பிளேடால் வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மெஷினில் கோத்து, மறுபக்கத்தை ஒரு சோடா பாட்டிலில் சுற்றவிட்டார். இதற்கு அவர் வைத்த பெயர் "சுத்து நாடா". முதலில் வெட்டியதில் ஒட்டு எஞ்சின் அடியின் நடுவே விழுந்து, சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கியது. "இன்னாடா, என் இஞ்சின நொண்டியாக்கிட்ட? அது முழுங்கும், நொண்டாது" என்று நைனா சிரித்தார். சித்தப்பா இன்னும் சாய்வாக, நீளமாக வெட்டி, முடிவை ஆரம்பத்துக்குள் கரையவிட்டபோது ஒட்டு இருக்கும் இடமே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தால் லாஞ்சு கப்பலாகிவிடும். நான் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தேன். வெட்டில் பாதியாகி உள்ளே நின்றுவிட்ட காக்காய்ச் சத்தத்தை மட்டும் எடுக்க முடியவில்லை, எடுத்தால் அடி தப்பும். "வுடு, அதுவும் நாடகத்துல நடிக்கட்டும்" என்றார் நைனா.

"அம்மா, அது நைனா இல்ல. சித்தப்பாவோட டேப்பு" என்றேன். அறை விழுந்தது. "வாய மூட்றி, கஸ்மாலம்!"

ஆனால் சத்தம் கிட்டே வரவில்லை, தூரப் போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக அதை உணர்ந்தார்கள். தண்ணீருக்குள் போனவர்கள் ஈரப் புடவையோடு மேலே ஏறி வந்தார்கள். வடக்கே இரண்டு தெரு தள்ளி, நாடகம் நடக்கும் கோயில் மன்றத்தின் கூரையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரைப் பார்த்து எல்லாரும் நடந்தோம். ஷிஃப்டு முடிந்து நேராக மன்றத்துக்கு வந்து செட்டைச் சோதித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு லாஞ்சு திரும்பாத விஷயமே தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"அணைக்காத செபஸ்தி. ஓடட்டும்."

"அண்ணி, இது வெறும் டேப்பு அண்ணி."

"தெரியும்" என்றார் அம்மா.

அந்த மன்றம் இப்போது இல்லை. ஐஸ் கம்பெனி இல்லை. சத்தத்தை வைத்து யாருடைய படகு என்று சொல்லும் காதுகளும் அநேகமாக இல்லை. என் மகள் ஒரு பலகை நிறைய வண்ண ஒயர்களைச் செருகி, சாம்ப்ளர் என்ற பெட்டியில் எந்த ஓசையையும் ஒரு குமிழைத் திருகி நறுக்குகிறாள், நீட்டுகிறாள், முனை தெரியாமல் சுற்றவிடுகிறாள். போன வாரம் எண்ணூருக்கு ஏதோ சத்தம் பதிவு செய்யப் போனவள் இருட்டும்வரை போனை எடுக்கவில்லை. "சார்ஜ் போயிடுச்சும்மா, இதுக்கா இவ்ளோ பயம்?" என்று அவள் வந்து நின்றபோது நான் போனை வாங்கிச் சார்ஜில் போட்டேன், அழக்கூட வரவில்லை.

அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. மன்றத்துப் படிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாடா உரசி உரசி சோடா பாட்டிலின் கழுத்தில் பழுப்புத் தூள் படிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் எரிந்தது என்று தெரியும். எரிவது வேறு யாருடைய கன்னமோ போலிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. காத்திவாக்கத்துக் கட்டுமரக்காரர்கள் கடலிலிருந்து தூக்கி, அதில் ஏற்றி அனுப்பிய, லாஞ்சில் போன நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ரோசம்மா அக்கா மீனைப் பற்றிக் கேட்கவில்லை. தன் ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக இறங்கியவர் நைனா. உடம்பெல்லாம் உப்பு பூத்திருந்தது. அம்மா எழுந்து கிட்டே போனார். நைனா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையை உயர்த்தி, கூரை மேலிருந்து வந்த அந்தச் சத்தத்தை ஒரு சுற்று முழுக்கக் கேட்டார்.

"இத யாருடா கரைக்கு இட்டாந்தது?" என்றார். "என் கண்ணு முன்னாடிதானே முழுகிச்சு."