அலிமாவுக்குக் கொடுத்த நான்கு குடம்

சாரல் நகரில் யாருக்காவது மனு எழுத வேண்டும் என்றால் மூன்றாவது வீட்டுக்குத்தான் போவார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் பிரிகிற சின்னத் தெரு அது. மூன்றாவது வீடு ஆனந்தவள்ளியுடையது. முப்பத்திரண்டு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவிளக்கு எரியவில்லை, உதவித்தொகை நின்றுவிட்டது என்று யார் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவாள். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் தயாராகிவிடும். அதற்காக யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இருபத்திரண்டு வீடுகளிலும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் உயிரையே கொடுப்பாள்.

தண்ணீர் விநியோகத்தை ஒரு தனியார் கம்பெனி எடுத்துக்கொண்டதும் வீட்டுக்கு வீடு மீட்டர் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். கடைசி வீட்டு அலிமாவுக்கும் பில் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. அவள் கணவர் ஒலி முகம்மது சவூதியின் தம்மாமில் ஒரு கடையில் இருக்கிறார். இங்கே அவளும் கல்லூரிக்குப் போகும் மகள் அஃப்ரினும் மட்டும்தான்.

"குழாயத் திறந்தா மொதல்ல உஸ்ஸுன்னு காத்து வருதுக்கா. அதுக்கே மீட்டரு சுத்துது. பில்லுல அதையும் சேத்துப் போட்டிருக்கான்" என்றாள் அலிமா, பில்லை நீட்டியபடி.

"பலூன் விக்கிறவன்கூட காத்துக்குத் தனியா காசு கேக்க மாட்டானேட்டி" என்றாள் ஆனந்தவள்ளி. தெருப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மனு தொடங்கியது.

காரணம் யார் என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. தெருமுனையில் வால்வைத் திறந்துவிட வரும் முப்பிடாதிதான். கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் பாதிதான் திறக்கிறார், சீக்கிரமே மூடிவிட்டுப் போகிறார் என்றார்கள். மனுவின் கடைசி வரியில், 'மேற்படி நபரை உடனடியாக மாற்ற வேண்டும்' என்று ஆனந்தவள்ளி அடிக்கோடு போட்டாள். இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது.

அவள் வீட்டுக் குளியலறையில், பெரிய அண்டாவுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடிய ஒரு சின்ன மோட்டார் இருந்தது. மகள் மஞ்சு பிரசவத்துக்கு வந்தபோது கணவர் சிவனணைந்தபெருமாள் வாங்கி வந்து, கம்பெனிக் குழாயிலேயே நேரடியாக மாட்டியது. அவர் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "பச்சப்புள்ள இருக்குத வீடு. ஒரு மாசத்துக்குத்தான" என்றார். குழந்தையோடு மஞ்சு கோயம்புத்தூர் போய் மூன்று மாதமாகிவிட்டது. மோட்டாரைக் கழற்றும் நாள் மட்டும் வரவில்லை.

அலிமாவுக்குத் தண்ணீர் வராத நாளெல்லாம் ஆனந்தவள்ளியே அவளைக் கூப்பிட்டுத் தன் தொட்டியிலிருந்து நான்கு குடம் கொடுத்தாள். கணக்குப் பார்க்காமல், முகம் சுளிக்காமல் கொடுத்தாள். அலிமா கண் கலங்குவாள். நோன்பு மாதத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் தூக்குவாளியில் கஞ்சி வந்தது. "ஒங்க புண்ணியத்துலதான்க்கா நாங்க கைகால் கழுவுதோம்" என்பாள். ஆனந்தவள்ளி அதைக் கேட்டுக்கொண்டு, இஞ்சி மணக்கும் அந்தக் கஞ்சியைக் குடித்தாள்.

மனுவைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் அஃப்ரின் வந்து சொன்னாள்.

"பெரியம்மா, ஒரு வேடிக்க. தண்ணி வர்ற நேரத்துல எங்க குழாயில வெரல வச்சா உள்ள இழுக்குது."

காற்று வெளியே தள்ளலாம். உள்ளே இழுத்தால், குழாயில் வேறு யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். ஆனந்தவள்ளிக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் மறுநாள் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருபத்திரண்டு கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு நிறுத்துவது? வாசகர்களே, அவள் செய்த பாவங்களில் பெரியது மோட்டார் அல்ல, அதுதான்.

ஒரு வாரத்தில் முப்பிடாதி அவள் வாசலுக்கு வந்தார். உள்ளே வராமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"வர்ற வெள்ளியோட நின்னுக்கிடச் சொல்லிட்டாங்கக்கா. நான் முழுசாத்தான் தொறக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா இன்ஜினியர் கேப்பாரு."

"எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க முப்பிடாதி. நான் ஒருத்தி என்ன செய்ய?" என்றாள் அவள். பார்வை அவருடைய வெறுங்காலில் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். தண்ணீர் நாளும் மின்தடை நாளும் அதுவரை சேர்ந்து வந்ததில்லை. கம்பெனியின் மேல்நிலைத் தொட்டி விடியும் முன்பே நிறைந்திருந்தது. பத்து மணிக்கு முப்பிடாதி கடைசி முறையாக வால்வைத் திறந்தார்.

"அக்கா, தண்ணி வந்துட்டு" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி அலிமா கூப்பிட்டாள்.

எல்லோரும் ஓடினார்கள். ஆனந்தவள்ளியும் போனாள். அலிமாவின் குழாயில் தண்ணீர் கை தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. அஃப்ரின் வாளிக்கு மேல் வாளியாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மட்டும் எப்படிலே முழுசாத் தொறந்த?" என்று ஒருவர், பின்னாலேயே வந்து நின்ற முப்பிடாதியைக் கேட்டார்.

"என்னைக்கும் தொறக்குத மாதிரிதான் அண்ணாச்சி தொறந்தேன். இன்னைக்குக் கரண்டு இல்ல. அவ்வளவுதான்."

நான்காவது வீட்டு அகிலாண்டேஸ்வரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப எவளோ மோட்டார் போட்டு உறிஞ்சுதா. வாங்க, இப்பமே வீடு வீடாப் போயிப் பாப்போம். மூணாம் வீட்ட மட்டும் விட்டுருங்க. அக்கா வீட்ல போயி என்னத்தப் பாக்க."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஆனந்தவள்ளியைச் சுட்டது. தன் வீட்டைச் சோதிக்க வேண்டாம் என்று வேலை இழந்த மனிதன்கூட நினைக்கிறானே.

"மூணாம் வீட்டுலதான் இருக்கு" என்றாள்.

வாளி நிரம்பி வழிந்தது. அஃப்ரின் குழாயை மூட மறந்து நின்றாள். அலிமா மட்டும் மெதுவாக, குழந்தை கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கு ஊத்துனீங்களே நாலு கொடம். அது எங்க தண்ணிதானாக்கா?"

ஆனந்தவள்ளி 'ஆமாம்' என்று சொல்ல நினைத்தாள். வாளியிலிருந்து வழியும் தண்ணீரையே பார்த்தாள். அலிமா குழாயை மூடினாள். "சரி" என்றாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மதியம் ஆனந்தவள்ளி கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். இன்ஜினியர் புவனேஷ், மனுவைத் திரும்பப் பெறுவதானால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் இரண்டு பக்கம் எழுதியவளுக்கு நான்கு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

முப்பிடாதியின் வேலை நிலைத்தது. மூன்றாவது வீட்டு இணைப்பை ஒரு மாதத்துக்குத் துண்டிக்கும்படி உத்தரவு வந்தது. அதைச் செய்ய அனுப்பப்பட்டவரும் முப்பிடாதிதான். ஸ்பேனரோடு வந்து மீட்டரின் முன் குத்தவைத்து உட்கார்ந்தவர், வேலையைத் தொடங்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு கொடம் புடிச்சி வச்சிக்கிடுங்கக்கா. பெறவு மூடுதேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். உள்ளே சிவனணைந்தபெருமாள் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். எதிர் வீட்டு ஜன்னல்களில் முகங்கள் இருந்தன.

"வேண்டாம். மூடு" என்றாள்.

மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவின் அடிபம்புக்கு நடந்தாள். அங்கே அவளை அறியாத ஓர் இளம்பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒங்க தெருவுல தண்ணி வரலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனியைத் திட்டியிருக்கலாம். அந்தப் பெண்ணும் நம்பியிருப்பாள்.

"தெருவுல நல்லா வருது. எங்க வீட்லதான் நிறுத்திட்டாங்க. மோட்டார் வச்சி மத்தவங்க தண்ணிய உறிஞ்சினேன்."

அந்தப் பெண்ணின் கை கம்பியில் நின்றது. அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். நிறையாத குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனந்தவள்ளி தன் குடத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தாள். பம்பு பழையது, தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆயிற்று.