ஒத்தக்கால்ல நின்னுக்கினு

கல்லூரித் தேர்தலில் மாணவர் மன்றச் செயலாளர் பதவிக்கு நின்றபோது, மேடையில் சுத்தத் தமிழ் பேசினால்தான் ஓட்டு விழும் என்று நம்பினேன். திருவக்கரைப் பக்கத்திலிருந்து திண்டிவனம் வந்து படிக்கிறவள் நான். ‘வந்துக்கினு’, ‘போய்க்கினு’ என்று என் பேச்சில் எட்டிப் பார்க்கும் எங்கள் ஊர் ‘கினு’வை ஒளிப்பதே எனக்குப் பெரிய வேலை.

காலையில் இன்னொரு பஸ் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கோரிக்கையும். பிரச்சாரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “பேருந்து என்பது மாணவ சமுதாயத்தின் உயிர்நாடி” என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்திருந்த அடுத்த வரி வரவே இல்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனேன்.

முன்வரிசையில் நஸ்ரின் இருந்தாள். கோட்டக்குப்பத்துப் பெண், என்னை எதிர்த்து நின்றவளே அவள்தான். நான் பாதியில் இறங்கியிருந்தால் அவளுக்குத்தான் லாபம். அவளோ எழுந்து சத்தமாகக் கேட்டாள்.

“ஏய், இன்னிக்கு பஸ்ஸுல எப்பிடி வந்தே? அத சொல்லுடி, போதும்.”

“ஒத்தக்கால்ல நின்னுக்கினு வந்தேன்” என்றேன், யோசிக்காமல். “எறங்கும்போது ஒரு செருப்பு பஸ்லயே போயிடுச்சி.”

அரங்கமே கைதட்டியது. “நாங்களும் அப்பிடித்தான் வர்றோம்!” என்று எங்கிருந்தோ குரல்கள் வந்தன. அதன்பிறகு வீட்டில் பேசுவது போலவே பேசி முடித்தேன்.

தேர்தலில் நஸ்ரின்தான் ஜெயித்தாள். என் ஓட்டும் அவளுக்குத்தான் என்பதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

அந்த பஸ் இன்னும் வரவில்லை. கேட்டுக்கினுதான் இருக்கோம், ரெண்டு பேரும்.