மேலிருந்து பார்த்த மேடுகள்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாண வீடியோ எடுக்கும் என் கணவர் ரவிக்கும் அந்த மாதம் வேலை கிடையாது. ஒரு விடியற்காலை ஐந்தரைக்குத் திருநின்றவூரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். ஆவடி, செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். என் முதுகில் ட்ரோன் பை. அந்தப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்வந்த ரவி, உப்புச் சேற்று வெளியில் யாரோ குவித்தது போல மண்மேடுகள் நிற்பதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்க்கலாம் என்று நச்சரித்தது நான்தான்.

ஏழரை மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். மேடுகளைப் பற்றிக் கேட்டேன்.

"உப்பு காய்ச்சுன எடம்னு சொல்வாங்க. கோட்டை கட்ட வந்தவன் கொட்டுன மண்ணுனும் சொல்வாங்க. யாரு கண்டா? எங்கப்பா சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே கீதாம்," என்றார் கடைக்காரர்.

சாலையை விட்டு இறங்கி அரை கிலோமீட்டர் நடந்தோம். தட்டையான சேறு, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாக உமரிச் செடி, அப்பால் ஓடை. மேடுகள் ஆள் உயரம். ஓரங்களில் சுட்ட மண்கட்டிகள் கிடந்தன. பானை ஓடும் இல்லை, செங்கல்லும் இல்லை.

ரவி ட்ரோனை ஏற்றினார். அது எடுக்கும் படம் பதிவாகும் செல்போனை நான் பிடித்துக்கொண்டேன். தரையில் தாறுமாறாகத் தெரிந்த மேடுகள், மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பிறை. பிறையின் உட்பக்கம் மேட்டுக்கொரு குழி. எனக்குக் கைகால் பரபரத்தது.

"கடைசி மேட்டுக்குப் பின்னாடி என்னவோ கலர் கலரா தெரியுதுங்க. இன்னும் கீழ இறக்குங்க."

"பறவையா இருந்தா மிரண்டுடும்."

"இறக்குங்களேன்."

இறக்கினார். புடவைகள். ஓடையில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்த நாலைந்து பெண்கள், மேட்டின் மறைவில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். மறுகணம் மார்பைக் கையால் மறைத்தபடி எல்லோரும் குனிந்து ஓடினார்கள். ஒளிய அந்த வெளியில் வேறு இடமே இல்லை. ரவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ட்ரோனைத் திரும்ப இழுத்தார்.

"கிளம்பிடலாம்," என்றார்.

கிளம்பியிருக்கலாம். எங்களை அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படம் எவன் கையில் இருக்கிறதோ என்று அவர்கள் எத்தனை நாள் பயப்படுவார்கள்? ட்ரோனின் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, போனோடு தனியாகச் சேற்றில் இறங்கினேன்.

ஈரப் புடவையையே திரும்பச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். என் வயதுக்காரி ஒருத்தி, கழுத்தில் இறால் போடும் ஓலைப் பறி தொங்க, முன்னால் வந்தாள்.

"அக்கா, தெரியாம..."

"இன்னா தெரியாம? எறக்கிப் பாத்தது தெரியாமயா? யாரு எறக்கச் சொன்னது, அந்தாளா?"

"நான்தான்."

"நீயும் பொம்பளதானே?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும்.

"இன்னா தெரியுதுன்னு காட்டு. அப்பால அழி."

போனில் பதிவாகியிருந்ததை ஓடவிட்டேன். எல்லோரும் தலையை நீட்டினார்கள். பிறை திரையில் விரிந்தது.

"இது நம்ம மேடா?" என்றாள் ஒருத்தி. "இம்மாம் பெருசா கீது!"

இன்னொருத்தி விரலை நீட்டி மேடுகளை எண்ணினாள். பிறகு படம் கீழே இறங்கத் தொடங்கியது. பறிக்காரி உள்ளங்கையால் திரையை மூடினாள்.

"அழி."

அழித்தேன். மெமரி கார்டையும் கொடுத்தேன். வாங்கிப் பறிக்குள் இறாலோடு போட்டுக்கொண்டாள். மேடுகளைப் பற்றி அவர்களிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. கேட்காமல் போனை அணைத்தேன்.

"போ. நாங்க இன்னும் துணி மாத்தல," என்றாள்.

 வீடு சேர மதியமாகிவிட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். நாலு பக்கமும் சுவர், தலைக்கு மேலே கான்கிரீட். ஆனாலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துணியைக் கழற்றினேன்.