வரும்போது பறந்து, போகும்போது ஊர்ந்த பஸ்

2024 ஜூலை 9 — ரூ. 300, ரூ. 300
ஜூலை 11 — ரூ. 350, ரூ. 350
ஜூலை 16 — ரூ. 350, ரூ. 400
ஜூலை 18 — ரூ. 400, ரூ. 400
ஜூலை 23 — ரூ. 300, ரூ. 350
ஜூலை 25 — ரூ. 450, ரூ. 450
ஜூலை 30 — ரூ. 400, ரூ. 400

ஒவ்வொரு வரியிலும் முதல் தொகை, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு அளவுக்கு மீறிய வேகத்தில் பஸ்ஸை ஓட்டி வந்ததற்கான அபராதம். இரண்டாம் தொகை, அதே பஸ்ஸை அதே மாலையில் செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்குத் தாமதமாகக் கொண்டு போய்ச் சேர்த்ததற்கான அபராதம். எல்லாமே அடைக்கலராஜ் என்ற ஓட்டுநர் பேரில் விழுந்தவை.

அவர் வேலை பார்த்த தாமரைக்கொடி டிரான்ஸ்போர்ட்டுக்கு ஆறு பஸ்கள். திண்டிவனம் தடத்தில் ஓடுவது ஒன்றுதான். மாலை அது திண்டிவனம் போய்ச் சேர்வதோடு அன்றைய ஓட்டம் முடியும். அந்தத் தடத்துக்கு மட்டும் இரண்டு முனையிலும் கம்பெனிக்கு நேர அலுவலகம் உண்டு. பஸ் உள்ளே வந்ததும் ஒரு பட்டன், கிளம்பும்போது ஒரு பட்டன். ஒரு முனையில் கிளம்பியதற்கும் மறுமுனையில் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணினியே கணக்குப் போடும். ஓட வேண்டிய நேரம் நாற்பத்தைந்து நிமிடம். மூன்று நிமிடம் முன்னே பின்னே போனால் மன்னிப்பு உண்டு. அதைத் தாண்டினால் வித்தியாசம் முழுவதற்கும் நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்.

அபராதம்கூடப் பெரிதில்லை. ஜூலை 19 அன்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜூலை 26 அன்று இரண்டாவது கடிதம் வந்தது: ஆகஸ்ட் 5 அன்று விசாரணை, வேகம் மெய்ப்பட்டால் வேலை நீக்கம். இருபத்து நான்கு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர் அடைக்கலராஜ். ரேஸ் விடுகிறவன் என்ற பேரோடு ஒரு கம்பெனியை விட்டு வெளியே வந்தால், செஞ்சி பஸ் நிலையத்தில் வேறு எந்த முதலாளியும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அன்புக்கரசியின் வேலை. முப்பத்தாறு வயது, தளவானூர்க்காரி. திண்டிவனத்தில் பி.சி.ஏ. படித்தவள். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் எட்டு வருஷம் இருந்தாள். அங்கே அவளுக்கு வைத்த பேர் ‘கேள்வி மேடம்’. மற்றவர்கள் வந்ததும் வராததுமாக மெஷினை அணைத்துப் போடுவார்கள். அவள் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?” என்று கேட்பாள். பதில் கிடைக்கும் வரை விசைப்பலகையில் கை வைக்க மாட்டாள். கணவனுக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானதும் செஞ்சிக்கு வந்து, திண்டிவனம் ரோட்டில் மருந்துக் கடைக்கு மாடியில் சொந்தமாக சர்வீஸ் கடை போட்டாள். ஒரு ரைஸ் மில், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு ஸ்கேன் சென்டர், இந்த பஸ் கம்பெனி: எல்லாம் அவள் பொறுப்பு.

கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது என்று செஞ்சி நேரக் காப்பாளர் விநாயகம் கூப்பிட்டதன் பேரில் ஜூலை 22 அன்றே அவள் ஒரு முறை வந்து போனாள். அன்று திங்கட்கிழமை. எல்லாம் சுறுசுறுப்பாக ஓடியது. நேரமும் அடிக்கடி பின்தங்குகிறது என்று அவர் சொன்னதால், பெட்டிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரியை மாற்றிவிட்டுப் போனாள். வழக்கமான வைத்தியம்தான். ஆனால் அன்றைக்கு அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு அடைக்கலராஜ் மாடிப்படி ஏறி வந்தபோதுதான் அந்தக் கேள்வி மறுபடி அவள் வாயில் வந்தது.

“எப்பல்லாம் ஃபைன் விழுதுண்ணா?”

“அதான் தங்கச்சி எனக்கும் புரியல. செவ்வாயும் வியாழனும்தான். மத்த நாள்ல நான் நல்லவனா இருக்கறேன்.”

“வரும்போது எவ்ளோ, போகும்போது எவ்ளோ?”

அவர் கைப்பேசியில் காட்டினார். அன்புக்கரசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு நிமிடம் சீக்கிரம் வந்த நாளில் ஏழு நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறார். ஒன்பது நிமிடம் சீக்கிரம் வந்த நாளில் ஒன்பது நிமிடம் தாமதம். ஒரு நிமிடம் கூடியிருந்த இரண்டு நாளிலும் அது போகும் பக்கத்தில்தான் கூடியிருந்தது.

“இப்படிக் கணக்குப் பாத்து ஓட்டணும்னா நீங்க பஸ் ஓட்டற ஆளே இல்லண்ணா, வேற எங்கியோ இருக்க வேண்டிய ஆளு.”

“கிண்டல் பண்ணாதம்மா. வீட்டுக்காரி லில்லி மூணு நாளா சரியா சாப்புடல.”

“செவ்வாக்கிழமை வரேன். நீங்க எப்பவும் போல ஓட்டுங்க. ஒண்ணும் மாத்தாதீங்க.”

ஜூலை 30, செவ்வாய். மதியம் ஒன்றே முக்காலுக்கே செஞ்சி நேர அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். விநாயகம் டீ வாங்கி வைத்தார்.

“இன்னாம்மா, சும்மா உக்காந்துனு இருக்கற? எதனா கழட்டிப் பாரு.”

“அது என்ன செய்யுதுன்னு பாக்கறேண்ணா. பாக்கறதுக்கு முன்னாடி கழட்டினா அது செஞ்சதா நான் செஞ்சதான்னு எனக்கே தெரியாம போயிடும்.”

அந்த அலுவலகத்தில் இருப்பது ஒரே பெட்டி. ஆனால் அதற்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக இயங்கும்படி அமைத்திருந்தாள்: பஸ் நேரத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, டீசல் ஷெட்டில் இருக்கும் கேமராக்களுக்கு ஒன்று. மூன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஒரே மூளையை மாறி மாறிப் பங்கு போட்டுக்கொள்பவை. கேமராவுக்கு வேறு பெட்டி வாங்கச் சொல்லி மார்ச்சிலேயே முதலாளி சிவசங்கரிடம் கேட்டாள். இருக்கிற பெட்டியிலேயே திணி என்று அவர் சொல்லிவிட்டார்.

தன் கைப்பேசியைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இரண்டு கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி வரை திரையில் இருந்தது கைப்பேசியைவிட இரண்டு நிமிடம் முந்தி இருந்தது. அது ஏன் என்று மனசில் குறித்துக்கொண்டாள். இரண்டு அடித்துச் சற்று நேரத்தில் வினாடி எண் நாற்பத்தொன்றில் நின்றது. கைப்பேசி ஆறு வினாடி கடந்தது. அப்புறம் திரை நாற்பத்திரண்டு என்றது. எழுத்துகளைத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து வந்து விழுந்தது.

பெட்டியின் சொந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தாள். அது கைப்பேசியோடு அச்சாக ஒத்திருந்தது. ஆக, பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோளாறு பெட்டியில் இல்லை, உள்ளே குடியிருக்கும் ஒரு கணினியில் இருக்கிறது. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாள். செவ்வாயும் வியாழனும் பிற்பகல் இரண்டு மணிக்குக் கேமரா கணினி தன் பதிவுகளைச் சுருக்கி வேறு டிஸ்க்குக்கு மாற்றுகிறது. அது முடிகிற வரை மற்ற இருவருக்கும் மிச்சம் மீதிதான்.

மூன்று முப்பத்தைந்துக்கு அடைக்கலராஜின் பஸ் உள்ளே நுழைந்தது. திரையில் மூன்று இருபத்தேழு. விநாயகம் பட்டனை அமுக்கினார். எட்டு நிமிடம் வேகம், ரூ. 400.

அடைக்கலராஜ் ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தார். “நீ இங்க இருக்கும்போதே எழுதிட்டாங்களே தங்கச்சி!”

“எழுதட்டும்ணா. போகும்போதும் எழுதுவாங்க. இதான் கடைசி.”

பஸ் கிளம்பிய பிறகு கேமரா கணினியை நிறுத்திப் பார்த்தாள். வினாடிகள் உடனே ஒழுங்காக நடந்தன. ஆனால் பின்தங்கிய எட்டு நிமிடம் திரும்பி வரவில்லை. வந்திருக்க வேண்டும். பின்தங்கினால் இணையத்தில் சரியான நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி அந்தக் கடிகாரத்தை அவளே அமைத்திருந்தாள். அந்த ஏற்பாடு அணைக்கப்பட்டிருந்தது.

“விநாயகண்ணா, கடிகாரத்தை யாராவது தொட்டாங்களா?”

விநாயகம் டீ கிளாஸைக் கழுவப் போனார். கழுவி முடித்து, இன்னொரு முறை கழுவினார்.

“தெனம் காலைல நான்தாம்மா வெப்பேன். ரெண்டு நிமிசம் பாஸ்ட்டா. இவனுங்க டீக்கடைய விட்டு எழுந்திரிக்க மாட்டானுங்கம்மா. முப்பது வருசமா எந்த ஸ்டாண்டுலயும் இப்டித்தான் வெக்கறது. இந்தச் சனியன் நான் வெச்சா உடனே பழையபடி மாத்திக்கிச்சு. செல்போன் கடைல ஒருத்தர கூப்ட்டு, மாத்தாம இருக்கறா மாதிரி பண்ணச் சொன்னேன்.”

“எப்ப?”

“ஜூலை மொத வாரக் கடேசில.” அவர் குரல் இறங்கியது. “அடைக்கலத்துக்கு இதனாலயாம்மா?”

“இதுவும் ஒரு காரணம்ணா. இது மட்டும் இல்ல.”

மறுநாள் காலை முதல் பஸ் கிளம்புவதற்கு முன்பாகவே வந்தாள். பகலில் கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளி வைத்தால், அந்த நேரத்தில் ரோட்டில் இருக்கும் பஸ்ஸின் கணக்கு மறுபடி கோணலாகிவிடும். கேமராவின் சுருக்கும் வேலைக்கு ஒரு வரம்பு கட்டினாள். அதற்கு மேல் அது மூளையைக் கேட்க முடியாது. பஸ் நேரத்துக்குக் குறைந்தபட்சப் பங்கு எப்போதும் ஒதுங்கி நிற்கும்படி செய்தாள். நேரத்தை ஒரே இடத்தில் மட்டும் கேட்டு மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்ளும்படி வைத்தாள். கையால் மாற்றும் வழியைப் பூட்டினாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனாள். நாலும் ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது என்பாள். பொறுமை என்று இதைச் சொல்வது போதாது. தன் ஊகத்தைத் தானே நம்பாமல் இருக்கப் பழகிய மனசு அது.

ஆகஸ்ட் 5, விசாரணை. சிவசங்கர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அடைக்கலராஜ் நின்றார், விநாயகமும் நின்றார். அன்புக்கரசிக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

“கம்ப்யூட்டர் எங்கனா பொய் சொல்லுமாம்மா?” என்றார் சிவசங்கர்.

“பொய் சொல்லல சார். தூங்கிடுச்சு. ஸ்டாப்பிங்க எண்ணிக்கினே வர்ற கண்டக்டர் ரெண்டு ஸ்டாப்பிங் தூங்கிட்டா, முழிச்சதும் விட்ட எடத்துலேர்ந்துதான எண்ணுவாரு? தான் தூங்கனது அவருக்கே தெரியாது. இதுவும் அப்டித்தான்.”

“சரி, இது தூங்குச்சு. இவன் வேகமா வரலன்னு எப்டிச் சொல்ற?”

“செஞ்சிக் கடிகாரத்த மறந்துடுங்க சார். திண்டிவனத்துது மட்டும் பாருங்க. ரெண்டு அம்பதுக்குக் கிளம்பறாரு. அதே திண்டிவனத்துல நாலு முப்பத்தஞ்சுக்கு வந்து நிக்கறாரு. ஏழு நாளும் அப்டித்தான். வர நாப்பத்தஞ்சு, இங்க நிக்கற பதினஞ்சு, போக நாப்பத்தஞ்சு. பறந்து வந்து மிச்சம் புடிச்சத ஏழு நாளும் அதே அளவு ஊர்ந்து போயா தீத்தாரு? முப்பதாந்தேதி அவரு இங்க நுழையும்போது என் செல்லுல மூணு முப்பத்தஞ்சு, கம்ப்யூட்டர்ல மூணு இருபத்தேழு, நானே பாத்தேன்.”

சிவசங்கர் கால்குலேட்டரை எடுத்தார். ஏழு நாளையும் போட்டுப் பார்த்தார். பிறகு அடைக்கலராஜைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

“அப்ப யாரு பண்ண தப்பு?”

“முதல்ல வந்த அன்னைக்கு நான் பேட்டரிய மாத்திட்டுப் போயிட்டேன் சார். நாளு கெழமை கேட்டிருந்தா அப்பவே புடிச்சிருப்பேன். அந்த பில்லக் கழிச்சிடுங்க.” அவள் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையில் ‘தானியங்கித் திருத்தம் அணைக்கப்பட்டிருந்தது’ என்று மட்டும் இருந்தது. யார் என்று இல்லை.

விநாயகம் கனைத்தார். “அணைச்சது நாந்தான் மொதலாளி. ரெண்டு நிமிசம் பாஸ்ட்டா வெக்கறதுக்கு. ஆனா தனிப் பொட்டி வேணும்னு மார்ச்லயே இந்தப் பொண்ணு கேட்டுச்சு. அப்ப நானும் பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன்.”



“யோவ், நீ வேற,” என்றார் சிவசங்கர். கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. “செரி. இன்னும் மூணு நடை பாக்கறேன். செவ்வா, வியாழன், அடுத்த செவ்வா. அப்பயும் சரியா இருந்தா முடிச்சிடலாம்.”

அடைக்கலராஜ் அந்த மூன்று நடையையும் ஓட்டினார். ஆகஸ்ட் 6 அன்று வர நாற்பத்தைந்து, போக நாற்பத்தாறு. 8 அன்று வர நாற்பத்து நாலு, போக நாற்பத்தைந்து. 13 அன்று ஒரு ரயில்வே கேட்டில் நின்றதில் வர நாற்பத்தேழு, போக நாற்பத்தைந்து. மூன்று நாளும் அன்புக்கரசி அலுவலகத்துக்கு வந்து கைப்பேசியைத் திரையோரம் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அதற்குக் கூலி கேட்கவில்லை.

விநாயகத்துக்கு மட்டும் பஜாரில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தாள். டீக்கடையைப் பார்த்த சுவரில், இரண்டு நிமிடம் முந்தி வைத்து, அவளே மாட்டினாள்.

“இத எவ்ளோ வேணும்னாலும் திருகுங்கண்ணா. கேக்க மாட்டேன்.”

“இது மாத்திக்காதில்ல?”

“மாத்திக்காது.”

அபராதம் ஐயாயிரத்து இருநூறும் திரும்பத் தரப்படும், விசாரணை முடிவுற்றது, திண்டிவனம் தடம் அவருடையதே என்று எழுதிய மூன்றாவதும் கடைசியுமான கடிதம் அடைக்கலராஜ் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை.