கழுகு பார்க்கப் போன பஸ்

எழுபதுகளின் நடுவில் நான் மாமல்லபுரத்தில் கைடாக இருந்தேன். அரசாங்கம் கொடுத்த அட்டை எதுவும் என்னிடம் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, செங்கல்பட்டுக் கடைகளில் வேலை பார்த்து, எதுவும் நிலைக்காமல், கடைசியில் ஐந்து ரதத்துக்கு வெளியே பஸ்கள் வந்து நிற்கிற மணல்வெளியில் போய் நின்றவன் நான். வெள்ளைக்காரர்களை இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். தமிழ்நாட்டின் உள்ளூர்களிலிருந்து, முன் கண்ணாடியில் வேப்பிலையும் துணி பேனருமாக வரும் சுற்றுலா பஸ்கள்தான் என் பங்கு.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி திருப்போரூர்ப் பெண். தாய் இல்லாதவள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக அவள் பக்கத்தில் ஆள் இல்லை. என் பக்கத்திலும் இல்லை. மீனவர் குப்பத்தை ஒட்டி ஓர் ஓலை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குப்பத்தில் பிரசவம் பார்க்கும் ஆயா ஒருத்தி இருந்தாள், கைராசிக்காரி என்று பேர். இன்னும் நாள் இருக்கிறது, மழை விட்டதும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் ஈரோட்டுப் பக்கத்து பஸ் ஒன்று வந்தது. ஒரே தெருவைச் சேர்ந்த குடும்பங்கள். காஞ்சிபுரம் பார்த்துவிட்டு விடியற்காலையில் இங்கே வந்திருந்தார்கள். யாத்திரையை ஏற்பாடு செய்தவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு, கையில் குடை. பஸ்ஸும் அவருடையதுதான். இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "ஏனுங்க தம்பி, திருக்கழுக்குன்றத்துல கழுகு எத்தனை மணிக்கு வருமுங்க?" என்பது.

"குருக்கள் வைக்கிற சோத்தைத் தின்ன உச்சிப் பொழுதுக்கு வரும். அதுக்கு முன்னாடி மலைமேல இருக்கணும் சார்," என்றேன்.

"மூணு தடவை வந்துட்டேன். மூணு தடவையும் அது வந்து போனதுக்கு அப்புறம்தான் மேல ஏறினேன். இந்தத் தடவை விடக்கூடாது. இங்க சுருக்கா முடிச்சுப்போடுங்க."

ரதங்களைக் காட்டிவிட்டு அர்ச்சுனன் தபசுக்கு அழைத்துப் போனேன். பெண்கள் எப்போதும் பேன் பார்க்கிற குரங்குச் சிற்பத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். அன்றும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் தங்கை, உயரமான விதவைப் பெண்மணி, "எங்கூட்டு மாமியாளும் நாத்தனாளும் இப்படித்தான் உட்காந்திருப்பாங்க" என்று சொல்ல, எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மீன் கூடை சுமக்கிறவள். கூடை இல்லாமல், தலை அவிழ்ந்து, ஓடி வந்திருந்தாள்.

"அண்ணாத்த, இன்னா இங்க கதை சொல்லிகினு நிக்கிற? உன் பொஞ்சாதிக்கு நோவு கண்டுகீது. ஆயா உன்ன உடனே இட்டாரச் சொல்லிச்சு."

யாரிடமும் சொல்லாமல் ஓடினேன்.

வீட்டு வாசலிலேயே ஆயா நின்றிருந்தாள். கையை வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவந்திருந்தது.

"கொழந்த குறுக்கால கீதுப்பா. கை வெளிய வந்துட்ச்சி. நான் இதுல இனிமே கை வைக்கமாட்டேன். வெச்சா ரெண்டு உயிரும் பூடும். செங்கல்பட்டுக்கு இட்டுகினு போ. இப்பவே போ."

உள்ளே என் மனைவி பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள், வலி வந்து அதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் உட்காரக்கூட எனக்குத் தோன்றவில்லை. திரும்பித் தெருவுக்கு ஓடினேன்.

ஊரில் அப்போது இரண்டு டாக்சிகள். இரண்டும் மெட்ராசுக்குப் போயிருந்தன. செங்கல்பட்டு பஸ் கிளம்பிப் போய்விட்டது, அடுத்தது மத்தியானம்தான் என்றான் டீக்கடைக்காரன். லாட்ஜ் வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதன் டிரைவரைக் கெஞ்சினேன். ஆபீசர் கடலில் குளிக்கப் போயிருக்கிறார், அவரைக் கேட்காமல் சாவியைத் தொடமாட்டேன் என்றான். கடற்கரைக்கு ஓடினேன். எந்த ஆபீசர், எந்தத் தலை என்று அலைக்குள் எப்படித் தேடுவது? கோயில் பக்கமாகத் திரும்பியபோது சவுக்குத் தோப்பில் அந்த ஈரோட்டு பஸ் நின்றிருந்தது. என்னைக் காணாமல் தாங்களே கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, புளிச்சோற்றை இலையில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். மூச்சு வாங்கியதில் பேச்சு கோர்வையாக வரவில்லை. அவருக்குப் புரிவதற்கு முன்னால் அவர் தங்கைக்குப் புரிந்துவிட்டது. இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

"எப்படியும் நாம செங்கல்பட்டு வழியாத்தானே போறோம். புள்ளய ஏத்திக்கலாமுங்க அண்ணா."

"வேண்டாம்னு நான் சொல்லலையே," என்றார் அவர். "வழியில கழுகையும் பாத்துட்டுப் போயிரலாம்."

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்போது என் காதில் சரியாக விழவில்லை. ஏற்றிக்கொள்கிறேன் என்றதே எனக்குத் தெய்வம் சொன்ன மாதிரி இருந்தது.

பாயோடு தூக்கி வந்தோம். ஆயா வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரியும் குழந்தைகளை விட்டு வர முடியாது என்று நின்றுவிட்டாள். ஆண்கள் எல்லோரும் பின் சீட்டுகளுக்குப் போனார்கள். முன்பக்கம் நடைபாதையில் ஜமக்காளங்களை மடித்துப் போட்டு அவளைக் கிடத்தினார்கள். தங்கை கீழேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் சேலை ஒன்றைப் பிரித்துத் திரைபோலப் பிடித்தார்கள். நான் திரைக்கு வெளியே, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் ரோடு மழையில் அரித்துப் போயிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கத்தினாள். டிரைவர் பள்ளத்தைப் பார்த்ததும் பிரேக்கை மிதிப்பான். அதனால் பஸ் ஊர்ந்தது. வேகமாகப் போனால் அவள் தாங்கமாட்டாள், மெதுவாகப் போனால் நேரம் தாங்காது. எதைக் கேட்பது என்று தெரியாமல் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ ஒரு வயதானவர், பேச்சை மாற்றுவதாக நினைத்தாரோ என்னவோ, "அந்தக் கழுகுங்க எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்டார்.

என் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "ராமேஸ்வரத்துல குளிச்சிட்டு, இங்க வந்து சாப்பிட்டுட்டு, காசியில போய் அடையறதா ஐதீகங்க. ரெண்டும் சாபம் வாங்கின முனிவருங்க…" தினமும் சொல்கிற கதை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது எல்லாம் அந்தந்த இடத்தில் தானாக வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி கத்தினாள்.

"நிறுத்துய்யா! நான் சாவுறேன், நீ கழுகு கதை சொல்லிகினு கீறியா!"

நான் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துக்குப் போகிற தெரு முனையில், "ஓரங்கட்டப்பா" என்றார் முதலாளி. டிரைவர் நிறுத்தினான். எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. ஆண்கள் பின்வழியாக இறங்கிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சார், வேண்டாம் சார். அப்படியே போயிடலாம் சார்."

"ஏறினதும் இறங்கிருவோம். ஒரு மணி நேரம். பிரசவ வலின்னா ராத்திரி பூரா கூட இருக்கும் தம்பி. எம் பொஞ்சாதிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. சாமிகிட்ட உன் சம்சாரத்துக்கும் வேண்டிக்கறேன்."

தெருவில் அவர் காலில் விழுந்தேன். குடையை ஊன்றிக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டார். கோபமாகப் பேசவில்லை. கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வருவதில்லை. நாலாவது தடவையும் கழுகைப் பார்க்காமல் ஊர் திரும்ப அவரால் முடியாது. அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது. மற்ற ஆண்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நடந்ததும் பின்னால் நடந்தார்கள்.

பெண்கள் ஒருத்தியும் இறங்கவில்லை.

கோயில் பக்கம் ஒரு ஜட்கா நின்றது. அதை அழைத்து வந்தேன். வண்டிக்காரர் பஸ் படியில் ஏறித் திரைக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். "இந்த நெலமையில ஜட்காவுல ஏத்துனா பாதி வழி தாண்டாது நைனா. இந்த பஸ்ஸையே எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பக்கம் போய்விட்டார்.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தான். உள்ளே இப்போது கத்தல் இல்லை. முனகல் மட்டும்தான். கத்தும்போது பயமாக இருந்தது. முனகல் அதைவிட மோசமாக இருந்தது.

தங்கை மடியிலிருந்து தலையை மெல்ல வேறொருத்தி மடிக்கு மாற்றிவிட்டு எழுந்து வந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

"வண்டியை எடு."

"அக்கா, முதலாளி…"

"என்ற அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். எடு."

"வேலை போயிருமுங்க அக்கா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எனக்கு."

"இவளும் ஒருத்தி பெத்த பொம்பளப் புள்ளதான். நீ எடுக்கலைன்னா சாவியைக் குடு. எனக்கு ஓட்டத் தெரியாது. எங்காவது கொண்டுபோய் முட்டுவேன், அதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். எஞ்சின் உறுமியது. தெருவை விட்டுத் திரும்பும்போது மலைப்படியைப் பார்த்தேன். ஆண்கள் பாதி தூரம் ஏறியிருந்தார்கள். பஸ் போவதைக் கண்டு முதலாளி நின்று குடையை உயர்த்தி ஆட்டினார். என்ன கத்தினார் என்று கேட்கவில்லை. டிரைவர் அதற்கப்புறம் எந்தப் பள்ளத்துக்கும் பிரேக் போடவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பெண்களே அவளைப் பாயோடு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டரம்மா சிறிது நேரத்தில் வெளியே வந்தார். என் தோளைத் தொட்டார்.

"குழந்தை போயிடுச்சுப்பா. வரும்போதே இல்லை. அம்மாவைக் காப்பாத்தப் பாக்கறோம். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அதுவும் சொல்லியிருக்க மாட்டேன்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிழியப் பிழிய அழுதாள். அவளுக்கு என் மனைவியின் பேர்கூடத் தெரியாது. தங்கை மட்டும் அழவில்லை. கைகளை மடியில் மலர்த்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் ஆண்கள் ஒரு வைக்கோல் லாரியில் வந்து இறங்கினார்கள். முதலாளி நேராக டிரைவரிடம் போனார். "யாரைக் கேட்டு எடுத்தே? நடுத்தெருவுல எங்களை விட்டுட்டு… இனி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாரு" என்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கேட்கக் கத்தினார். நான் அப்போது வாசல் படியில், நர்ஸ் கொடுத்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றிருந்தேன். பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றியிருந்தார்கள். தங்கை அண்ணனைத் தொட்டு என் கையைக் காட்டினாள்.

அவர் வாய் அப்படியே நின்றது. கிட்டே வந்தார். துணி விலகி ஒரு சின்னக் கால் வெளியே தெரிந்தது. தோள் துண்டை எடுத்து உதறி, பொட்டலத்தின் மேல் சுற்றினார். முடிச்சுப் போட வரவில்லை. டிரைவர்தான் வாங்கிப் போட்டான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டில் புதைத்தோம். நானும் டிரைவரும் தோண்டினோம். முதலாளி குடையை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். திரும்பும்போது, "ஒரு மணி நேரம்னுதான் நினைச்சேன் தம்பி" என்றார். மலையடியில் நின்ற நேரத்தில்தான் குழந்தை போனதா, அதற்கு முன்பே மாமல்லபுரத்தில் நான் டாக்சி தேடி ஓடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டதா? டாக்டரம்மாவை அதை நான் கேட்கவே இல்லை.

இருட்டுவதற்குள் அவர்கள் கிளம்பினார்கள். அந்த டிரைவர்தான் ஓட்டிப்போனான். ஊர் போய்ச் சேர்ந்தபின் அவன் வேலை இருந்ததா போனதா என்பது தெரியாது. அந்த பஸ்ஸை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

என் மனைவிக்கு மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "இன்னா கொழந்த?" என்றாள்.

"பொண்ணு."

"யார் மாதிரி இருந்துச்சு?"

நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உன்ன மாதிரி" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பியபின் அவள் மாதக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. அவளைத் தனியே விட்டுப்போகப் பயமாக இருந்தது, போகாமலும் முடியாது. முதல் நாள் ரதத்தின் முன் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பேச ஆரம்பித்தபோது குரல் வரவில்லை. வாத்தியார் வேறொரு கைடைக் கூப்பிட்டுக்கொண்டார். நான் அங்கிருந்த கல் சிங்கத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மறுபடி போனேன். வேறு எங்கே போவது?

அவள் மறுபடி உண்டானபோது, தனக்கு அந்த ஊரில் இருக்கவே பிடிக்கவில்லை என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அந்த வாரமே சாமான்களை மூட்டை கட்டிச் செங்கல்பட்டுக்குக் குடி வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை கிடைத்தது. நான் தினமும் காலை பஸ்ஸில் மாமல்லபுரம் போய் வந்தேன். வலி வந்தபோது அவள் என்னை எழுப்பி, "நடந்தே பூடலாம் வா" என்றாள். நடந்தேதான் போனோம்.